நாற்பத்தேழும் நூற்று நாற்பத்தேழும்

மற்ற இடங்களில் ஒருவனை மெச்ச வேண்டுமென்றால் கை சுத்தம் என்பார்கள். வெண்டல் ஹ்ருஷ்காவை மட்டும் கால் சுத்தம் என்றார்கள். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் வாரம் முழுக்கப் பண்ணை வீடுகளுக்கு காஸ் லாரி ஓட்டுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கைவிடப்பட்ட விமானத் தளத்துக்கு வந்துவிடுவான். அந்த ஓடுபாதையில் ஆரஞ்சுக் கோன்களை வைத்து, வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போட்டு, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டுவது அவர்கள் கிளப்பின் பைத்தியம். ஜெயித்தால் ஒரு காபிக் கோப்பை கொடுப்பார்கள். அதற்குத்தான் இத்தனை ரகளை.

ரகளையில் பாதி, எந்தக் கார் எந்தப் பிரிவு என்பதில். கடையில் வாங்கியபடியே, எதையும் நோண்டாமல் ஓட்டுகிற கார்களுக்கு ஸ்டாக் பிரிவுகள். அதில் வேகமானவை பி, கொஞ்சம் மட்டானவை சி. புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கடைக்கு வந்தால் கிளப்பில் பலருக்குத் தூக்கம் போய்விடும். பிரிவு தப்பாக அமைந்துவிட்டால், வருஷக்கணக்காக ஒரே காரைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெண்டல் முதலில் தன் சி பிரிவுக் காரை ஓட்டுவான். பிறகு அதே பாதையில் புதுக் காரை ஓட்டுவான். இரண்டும் ஒட்டி வந்தால் புதுக் கார் சி. நன்றாக முந்திவிட்டால் பி. அவன் கால் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

இந்த முறை புதுக் காரோடு வந்தவள் ஆர்லிஸ்.

ஒரு காலத்தில் வெண்டலின் காரில் பாதி அவளுடையது. ஒரே காரை இருவர் ஓட்டினால், இரண்டாமவர், கார்க் கதவில் ஒட்டிய முதலாமவருடைய எண்ணுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுக்கொள்வார். அவன் நாற்பத்தேழு, அவள் நூற்று நாற்பத்தேழு. அவன் ஓட்டிவிட்டு இறங்குவான், அவன் சூடு ஆறாத சீட்டில் அவள் ஏறுவாள். "மூணாவது வளைவு வழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவளால் இவன் வாயை மட்டும் திறக்க வைக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு இலையுதிர் காலத்தில் அவளே கேட்டாள். "அடுத்த காரையும் சேர்ந்தே வாங்கலாமா, வெண்டல்?" காரைப் பார்த்துக் கேட்கவில்லை, அவனைப் பார்த்துக் கேட்டாள். என்ன கேட்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் வாயில் கொழுக்கட்டை. "இந்த டயரே இன்னும் ஒரு வருஷம் வருமே" என்றான். அவள் தன் பாதியை அவனுக்கே விற்றுவிட்டுப் போய்விட்டாள். ஒரு மனிதன் டயரைப் பற்றிப் பேசி ஒரு பெண்ணை இழந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது இந்தப் புதுக் கார் சி பிரிவுக்கு வந்தால் அவளும் அவனும் நாள் முழுக்க ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் காத்திருப்பார்கள். பி பிரிவுக்குப் போனால் அவ்வளவுதான். பி ஓடும்போது சி ஆட்கள் வெயிலில் நின்று விழுந்த கோன்களைப் பொறுக்குவார்கள். சி ஓடும்போது பி ஆட்கள் பொறுக்குவார்கள். தூரத்தில் ஒரு ஹெல்மெட் போவதுதான் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் அவனுடைய வலது காலில் இருந்தது.

"டேய் வெண்டல், பாத்து ஓட்டுடா" என்றார் டுவேன். சூரியகாந்தி விவசாயி, கிளப்புக்குத் தலைவர். அவருடைய பழைய சிவப்புக் கார் இந்த வருஷம்தான் முதல் தடவையாக சி பிரிவில் முன்னால் நின்றது. "இந்தச் சனியன் சி-க்கு வந்துச்சுன்னா என் காரைக் கோழிக்கூடா மாத்திட வேண்டியதுதான்."

"உங்க கோழிங்க பாவம், டுவேன்" என்றாள் ஆர்லிஸ். பிறகு வெண்டலிடம், "நானும் கூட உக்காந்துக்கறேன். என் காராச்சே" என்றாள்.

அவன் முதலில் தன் காரை ஓட்டினான். பிறகு அவளோடு புதுக் காரில் ஏறினான். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. நினைக்கும் முன்பே திரும்புகிற வண்டி. இது பி, சந்தேகமே இல்லை. அப்புறம் கோன்கள் வரிசையாக நிற்கிற இடம் வந்தது. அவள் தோள் அவன் தோளில் லேசாக இடித்தது. அவன் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கொஞ்சம் மேலே வந்துவிட்டது.

இரண்டு கார்களின் நேரமும் ஒட்டி வந்தது. டுவேன் முகத்தில் ஈயாடவில்லை.

காருக்குள் ஆர்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "காலைத் தூக்கிட்ட" என்றாள்.

"இல்லையே."

"என் காதுல பூ சுத்தாத. உன் பக்கத்துல எத்தனை வருஷம் உக்காந்திருக்கேன்? அந்த இடத்துல நீ தூக்கினதே கிடையாது. ஏன் தூக்கின?"

சொல்லியிருக்கலாம். அவள் கேட்டுவிட்டாள், வேறு யாரும் இல்லை, ஒரு வரி போதும். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"டயர் சூடாகல" என்றான்.

"மறுபடியும் டயரா?" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே டுவேன் தன் சிவப்புக் காரின் பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. வெண்டலுக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது. கண்ணாடியை இறக்கி, "டுவேன், இது கணக்கில்ல. நான் சரியா ஓட்டல. திரும்ப ஓட்டறேன்" என்று கத்தினான்.

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். கோன் வரிசையில் கால் அசையவில்லை. பழைய நாட்களைப் போலவே அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் இத்தனை காலம் ஏங்கினான். அதைக் கேட்டுக்கொண்டே, தன் காலாலேயே அவளைத் தூரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

கார் வெகுவாக முந்தியது. பி பிரிவு என்று முடிவாயிற்று. டுவேன் சந்தோஷத்தில் பெட்டி நிறைய ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டியை எல்லோருக்கும் நீட்டினார். ஆர்லிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, "நல்லா ஓட்டின, வெண்டல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் தன் ரொட்டியைக் கடிக்காமலே பெட்டியில் திரும்ப வைத்தான்.

அடுத்த போட்டியில் பி பிரிவு ஓடியபோது, வெண்டல் மூன்றாவது வளைவில் சிவப்புக் கொடியும் வாக்கி டாக்கியுமாக நின்றான். காற்று ஆளைத் தள்ளியது. டுவேன் நேரம் எழுதுகிற வேனுக்குள் இருந்தார். ஆர்லிஸின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டதும் வெண்டல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவள் கண்ணுக்குத் தன் தொப்பி தெரியப்போவதில்லை என்பது அவனுக்கே தெரியும்.

ஆர்லிஸ் கோனை இடிக்கிறவள் அல்ல. இத்தனை வருஷத்தில் அவள் இடித்துக் கோன் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் முதல் இரண்டு வளைவுகளைச் சுத்தமாகக் கடந்து வந்தாள். மூன்றாவதில், சரியாக அவன் காலடியில் நின்ற கோனை, விரலால் தட்டுவது போல மெதுவாகத் தட்டிச் சாய்த்துவிட்டுப் போனாள்.

அவன் ஓடிப்போய்க் கோனைத் தூக்கினான். விழுந்த கோனுக்கு இரண்டு வினாடி தண்டனை. கார் எண்ணை வேனுக்குச் சொல்ல வேண்டும். அவன் நிமிர்ந்து, போகிற காரின் கதவைப் பார்த்தான்.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோக அவனுக்கு நேரமாயிற்று. "மூணாவது வளைவு" என்றான். "ஒரு கோன். நூத்து நாப்பத்தேழு."

"என்னது?" டுவேனின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "பி-ல நாப்பத்தேழுன்னு ஒரு காரே கிடையாதேடா. நாப்பத்தேழு இல்லாம நூத்து நாப்பத்தேழு எங்கேருந்து வரும்? அந்தப் பொண்ணு தப்பா ஒட்டிக்கிட்டு வந்துட்டாளா?"

வெண்டல் கோனை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். அதை இன்னும் கீழே வைக்கவில்லை என்பதே அவனுக்கு நினைவில்லை.

"தப்பில்ல, டுவேன்" என்றான். "நாப்பத்தேழு இங்கதான் நிக்கறேன். அவகிட்டச் சொல்லுங்க."