சாகிறவர்களுக்கு ஒரு வாய்

கொட்டாங்கச்சியின் விளிம்பு பூவாயியின் பல்லில் தட்டுகிறது, கஞ்சி பாதி உள்ளே போகிறது, பாதி கன்னத்தில் வழிகிறது, வெளியே சயாம் காட்டு மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் வெள்ளையம்மாவுக்கு அந்த மழைதான், பேரப்பிள்ளைகள் டிவி பார்க்கும் இந்த வீட்டுக்குள்ளும் அதேதான் பெய்கிறது. ரயில் பாதை போட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் பேராக் ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவளையும் புருஷன் சன்னாசியையும் லாரியில் ஏற்றினான், திரும்புவதாவது, காட்டில் வாந்திபேதி வந்தது, விழுந்தவர்களையெல்லாம் ஆற்றோரக் குடிசையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், மருந்து கிடையாது, மாயம் கிடையாது, சன்னாசியைத் தூக்கிப் போனபோது என்னையும் சேத்துப் போடுங்கடா என்று பங்கு அரிசியையும் உப்பையும் முந்தானையில் முடிந்துகொண்டு இவளும் பின்னாலேயே போய்விட்டாள்.

பேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அவள் ஆத்தாளுக்குத் தெரிந்ததும் அதுதான், ஆகவே மூங்கில் தட்டியில் கிடந்த அத்தனை பேரும் நாக்கு வறண்டு கிடந்தார்கள், சன்னாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ள, ஒரு வாய் குடு புள்ள என்கிறான், பொறு மாமா, பேதி நின்னதும் தாரேன் என்கிறாள். பக்கத்தில் பூவாயி, பெற்ற பிள்ளைகளையெல்லாம் அந்தக் காட்டிலேயே புதைத்தவள், அவள்தான் முதலில் பால் கேட்டாள், நான் போற நேரம் வந்துருச்சு தாயி, வாயில பால் ஊத்த எனக்கு ஆளில்ல, மகளா நெனச்சு நீ ஊத்து. பாலுக்கு எங்கே போக, இதுவே பாலாக இருக்கட்டும் என்று உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை அழுதுகொண்டே ஊற்றினாள், பூவாயி இன்னும் இன்னும் என்றாள், சாகப்போகிற வாய்க்கு இனி என்ன கெடுதல், ஊற்றினாள், பார்த்துக்கொண்டிருந்த அடுத்தவன் எனக்கும் தாயி, நானும் அநாதைதான் என்றான், பிறகு அதற்கடுத்தவன், கேட்டவர்களுக்கெல்லாம் மகளாகிக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றுகிறாள். எனக்கும் ஊத்துடி என்கிறான் சன்னாசி. பேசாமக் கெட மாமா, ஒனக்கு ஊத்துற நேரம் வரல, வரவும் விடமாட்டேன். அவனுக்கு ஊற்றினால் அவனைக் கைவிட்டதாகிவிடுமே, அந்த ஒரு வாயைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும்வரை அவன் போகமாட்டான் என்று அந்தப் பைத்தியக்காரி நம்பினாள்.

மழை விட்ட காலையில் பூவாயி எழுந்து உட்கார்ந்து, பசிக்குது தாயி என்கிறாள், அடுத்தவன் கண் தெளிந்து பார்க்கிறான், பால் ஊத்தின பொணம் பசிக்குதுங்குதே என்று வெள்ளையம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் உறைத்தது, ஐயோ, கஞ்சியை மொண்டு ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு சன்னாசியிடம் ஓடுகிறாள், குடி மாமா, இது சாகறதுக்கில்ல மாமா, பொழைக்கிறதுக்கு, வாயைப் பிளந்து ஊற்றுகிறாள், கடைவாயில் வழிகிறது, மறுபடி ஊற்றுகிறாள், வழிகிறது, தொண்டை அசையவே இல்லை. விடு தாயி, போயிட்டான் என்றாள் பூவாயி. விடவில்லை, ஊற்றிக்கொண்டேயிருந்தாள். அந்தக் கோடியில் அப்போதுதான் கொண்டுவந்து போட்டிருந்த எவனோ ஒருத்தன், தண்ணி என்று முனகினான். சன்னாசியின் வாயைத் துடைத்துவிட்டு, மீதிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள்.