தூங்குமூஞ்சி ஜெயித்த செவ்வாய்க்கிழமை

தூங்குமூஞ்சி ஜெயித்த செவ்வாய்க்கிழமையை அடுத்துப் பதினோரு நாட்கள், பந்தயத் திடலின் மருத்துவரை எல்லோரும் தலைவர் என்றும், தலைவரைப் பயிற்சியாளர் என்றும், பயிற்சியாளரைக் குதிரைக்காரர் என்றும், குதிரைக்காரரை மருத்துவர் என்றும் பார்த்தார்கள். அந்த நாட்களில் மழை இல்லை. வைக்கோல் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. நான்கு பேருடைய முகமும் அவரவர் கண்ணாடியில் எப்போதும் போலத்தான் இருந்தது. அடுத்தவர் கண்ணுக்குத்தான் மாறிப்போனது. இந்தக் குளறுபடியில் சொந்த முகத்தோடு நடமாடியவர் சுழியக்கா மட்டும்தான். குளறுபடியே தன் கையில் ஆரம்பித்தது என்பது தெரிந்திருந்ததால், அவருக்கு அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாடாக இருந்தது.

சுழியக்காவின் வேலை, பந்தயத்துக்கு வரும் குதிரை பட்டியலில் உள்ள அதே குதிரைதானா என்று பார்ப்பது. ஒவ்வொரு குதிரையின் கழுத்துத் தோலுக்கடியிலும் அரிசிமணி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். கருவியை நீட்டினால் எண் தெரியும். கடைசி நான்கு இலக்கத்தை அவர் உரக்கப் படிக்க, குதிரையைக் கொண்டுவந்தவர் அடையாளப் புத்தகத்தைப் பார்த்து "ஆமா" என்று சொல்ல வேண்டும். பிறகு நெற்றியிலும் கழுத்திலும் முடி எங்கே சுழித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். அதனால்தான் அந்தப் பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரு குதிரைகூட அவரைத் தாண்டி வேறு பெயரில் ஓடியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எதிரே நிற்பவரின் உச்சந்தலையில் சுழி தேடுவார் என்று கேலி பேசுவார்கள். அது கேலி இல்லை, உண்மை.

பயிற்சியாளர் அவருடைய சொந்தத் தம்பி. தம்பியின் லாயத்தில் அடுத்தடுத்த வருஷங்களில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பெண்குதிரைகள் இருந்தன. இரண்டும் ஒரே பழுப்பு, நெற்றியில் ஒரே வெள்ளைப் பொட்டு, சுழியும் ஒரே இடம். இளையவள் சண்டிராணி, கிட்டே போனால் கடிப்பாள். மூத்தவள் தூங்குமூஞ்சி, ஓடிக்கொண்டே கொட்டாவி விடுவாள், ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. தங்கையின் வாசனை இருக்கும் இடத்தில் நின்றால்தான் தீவனம் தின்பாள் என்பதால், லாயத்தைக் கவனித்துக்கொள்ளும் குதிரைக்காரர் அந்த இரண்டையும் வாரத்துக்கு இரண்டு தடவை அறை மாற்றிக் கட்டுவார், கதவில் தொங்கும் பெயர்ப்பலகைகளையும் கூடவே மாற்றுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை குதிரைகளை மாற்றினார், பலகைகளை மறந்தார். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடும் பந்தயத்துக்கு, நான்கு வயதுத் தூங்குமூஞ்சி தங்கையின் பெயரில் கிளம்பி வந்தாள்.

சோதனை மேடையில் தம்பி ஒரு கையில் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை நீட்டினார். அவருடைய மகள், குதிரைக்குப் பிடரி மயிர் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலையைத் தானே அலங்கோலமாக வெட்டிக்கொண்டிருந்தாள். "பாருக்கா, முன்னாடி மட்டும் புல்லு மேஞ்ச மாதிரி" என்றார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருவி பீப் என்றது. அதன் கண்ணாடியில் ஒரு வருஷமாக விரிசல், கண்ணைச் சுருக்கினால்தான் எண் தெரியும். சிரிப்பு இன்னும் வாயில் இருக்க, எதிரே தம்பி கையில் புத்தகம் பளிச்சென்று பிரிந்திருக்க, அக்கா புத்தகத்திலிருந்தே நான்கு இலக்கத்தைப் படித்தார். தம்பியும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆமா" என்றார். தூங்குமூஞ்சி அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டாளோ, கால் பிடரியில் பட ஓடி, ஏழு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தாள். கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது யாரையும் கடிக்காமல் நின்றபடியே தூங்கிவிட்டாள். அதைப் பார்த்ததும் தம்பியின் முகம் செத்துப்போனது. பந்தயம் முடிந்து சிறுநீர்ச் சோதனைக்கு வந்த மருத்துவர் தன்னுடைய நல்ல கருவியை நீட்டினார், குட்டு உடைந்தது.

அன்று சாயங்காலமே விசாரணை. யார் தப்பு என்று கேட்டபோது தம்பி குதிரைக்காரரைக் கைகாட்டினார், "இவர்தான் தப்பான குதிரைய கூட்டிட்டு வந்தாரு." குதிரைக்காரர் மருத்துவரைக் காட்டினார், "எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுங்க, சிப்பு வச்சவரு டாக்டருதான்." மருத்துவர், புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது அலுவலகம் என்று தலைவரைக் காட்டினார். தலைவர் நாற்காலியை விட்டு எழாமல், குதிரைக்குப் பயிற்சியாளர்தான் பொறுப்பு என்று தம்பியைக் காட்டிவிட்டு, தீர்ப்பைப் பிறகு எழுதலாம் என்று முடித்துவைத்தார். சுழியக்காவை யாரும் கேட்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் தப்பாத ஆளை எப்படிக் கேட்பது என்று எல்லோருக்கும் கூச்சம். அவர் சொல்ல வாயெடுத்தார். வேலை போய்விடுமே என்று பயந்து, வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் கைகாட்டியவர், காட்டப்பட்டவராகத் தெரிய ஆரம்பித்தார். தம்பி திடலுக்கு வந்தபோது சாணி அள்ளும் முறத்தைக் கையில் திணித்து, ஏன் லேட்டு என்று கேட்டார்கள். குதிரைக்காரரிடம் ஊசியைக் கொடுத்தார்கள். அவர் பயந்துபோய் ஊசி போடாமல் காலைத் தடவிவிட்டு ஓய்வு கொடுக்கச் சொன்னார், மூன்று குதிரைகள் குணமாயின. தலைவரை அதிகாலையிலேயே சேணத்தில் ஏற்றிவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வியர்வை சிந்தி, சண்டிராணியிடம் இரண்டு கடி வாங்கினார். சாயங்காலம் அவரைத் தம்பியின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தம்பி வீடு திரும்பியபோது அவருடைய மனைவியே வாசலில் நின்று, "அவரு உள்ள சோபாவுல படுத்திருக்காரு, நீங்க காலைல லாயத்துலயே பாத்துக்கங்க" என்று கதவைச் சாத்தினாள்.

மருத்துவர்தான் மாட்டிக்கொண்டார். தலைவரின் நாற்காலியில் உட்காரவைத்து, விசாரணைக் கோப்பை முன்னால் வைத்துத் தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். யார் பெயரை எழுதினாலும் அது சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்துவிடும் என்று அவருக்கு உதறல். பத்து நாள் பேனாவைக் கடித்துவிட்டுக் கடைசியில் எழுதினார்: மனிதர் எவர் மீதும் குற்றமில்லை, குதிரையே ஆள்மாறாட்டம் செய்துள்ளது. தூங்குமூஞ்சிக்கு ஆயுள் தடை, நாளைக் காலை பத்து மணிக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய குதிரைகள் எங்கே போகின்றன என்று அந்தத் திடலில் யாரும் கேட்பதில்லை. கேட்காததே பதிலாக இருந்தது.

அன்று மத்தியானம் சுழியக்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, குதிரைக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அக்கா தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது, பழக்கதோஷத்தில் அவருடைய உச்சந்தலையைப் பார்த்தார். இரட்டைச் சுழி. இவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று சின்ன வயதில் ஊரே கேலி செய்த அதே இரட்டைச் சுழி. முகம்தான் வேறு, தலை தம்பியுடையது.

"டேய், நீயாடா?"

"நான்தான்க்கா. என் பொண்ணுகூட என்னை அங்கிள்ங்கிறா. நாளைக்கு அந்தக் குதிரையயும் ஏத்திடுவாங்க. அது என்னக்கா பண்ணுச்சு? பாவம், ஒரே ஒரு நாள் முழிச்சிருந்துச்சு."

அக்கா தம்பியின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு தானும் அழுதார். பத்தொன்பது வருஷப் பெயர் ஒரு பக்கம், வாயில்லாத ஒரு ஜீவன் ஒரு பக்கம். தன்மேல் அவருக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

சனிக்கிழமை காலை, லாரி பின்பக்கமாக லாயத்துக்குள் நுழையும்போது, அவர் விசாரணை அறைக்குள் நேராகப் போய் மேஜைமேல் விரிசல் விட்ட கருவியை வைத்தார். "நம்பரை நான் மெஷின்ல பாக்கல. புத்தகத்தைப் பாத்துப் படிச்சேன். தப்பு என்னுது" என்றார். வெளியே லாரியின் இன்ஜின் தானாக நின்றது. அக்காவுக்கு வேலை போய்விடும் என்று பதறிய தம்பி குறுக்கே பாய்ந்து, "அக்கா பொய் சொல்றா, அவ படிச்சது சரிதான், எல்லாத் தப்பும் நான் பண்ணதுதான்" என்று கத்தினார். கத்திய வாய் மூடுவதற்குள் அறையில் இரண்டு சுழியக்காக்கள் நின்றார்கள், ஒரே சேலை, ஒரே மூக்குத்தி. ஒருத்தி மட்டும் ஆண்குரலில் விக்கிக்கொண்டிருந்தாள். விசாரணைக் குழு உறுப்பினர்கள் எழுந்து நின்று எண்ணிப் பார்த்தார்கள்.

"என் தப்பைத் திருடாதடா. உன் பங்கு எவ்வளவோ அதை மட்டும் சொல்லு" என்றார் அசல் அக்கா.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா படிச்சா. நான் பாக்காமலே ஆமான்னேன்" என்றார். உடனே அவர் முகம் அவரிடம் வந்தது, மீசை கொஞ்சம் கலைந்திருந்தது. இதைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை, வரிசை கட்டிவிட்டார்கள். குதிரைக்காரர் பலகை மாற்ற மறந்ததைச் சொல்லி மீண்டார். அவரிடம் குணமான குதிரைகள் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டன. மருத்துவர், நல்ல கருவியைத் தான் வைத்துக்கொண்டு விரிசல் கருவியை அக்காவிடம் தள்ளிவிட்டதைச் சொல்லி மீண்டார், மீண்ட வேகத்தில் தான் எழுதிய தீர்ப்பையும் கிழித்தார். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவர்கள்கூட, தங்களுக்கும் ஏதாவது தப்பு இருக்குமா என்று ஆசையாக யோசித்துப் பார்த்தார்கள். லாரி ஓட்டுநர் பிரேக் விளக்கு எரியாததை ஒப்புக்கொண்டார். அவர் முகம் மாறவில்லை, ஆனால் பொலிவு கூடியது என்றார்கள்.

தலைவர் மட்டும் மிச்சம். புதுக் கருவி கேட்டு அக்கா எழுதிய கடிதம் பத்து மாதமாக அவருடைய டீ டம்ளருக்கு அடியில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதில் ஆறு வட்டங்கள்கூட இருந்தன. அவரிடம் கேட்டபோது, தம்பியின் முகத்தோடு தம்பியையே காட்டி, "பயிற்சியாளர்தான் பொறுப்பு" என்றார். அதனால் அவர் அப்படியே இருந்துவிட்டார்.

தூங்குமூஞ்சியின் வெற்றி ரத்தானது, தடையும் ரத்தானது. அக்காவுக்கு ஒரு வருஷமும் தம்பிக்கு ஆறு மாதமும் பணி இடைநீக்கம். அந்த ஒரு வருஷத்தை அக்கா வீட்டில் வாய்விட்டு அழுதும் வாய்விட்டுச் சிரித்தும் கழித்துவிட்டு, புதுக் கருவியோடு திரும்பி வந்தார். தலைவர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. வேலை எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. தூங்குமூஞ்சி தன் சொந்தப் பெயரில் ஒன்பது தடவை ஓடி ஒன்பது தடவையும் கடைசியாக வந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்கா எழுந்து நின்று கைதட்டினார்.

இப்போது திடலில் இரண்டு பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அது ஒன்றும் பெரிய தொந்தரவாக இல்லை, இன்னொருவருக்கும் குதிரை ஓட்டுவது ஓரளவு கைவந்துவிட்டது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்றார்கள், கடைசியில் எனக்குத்தான் இரண்டு வீட்டுக்காரர் என்று தம்பியின் மனைவி அலுத்துக்கொள்கிறாள். தினமும் சாயங்காலம் இருவரும் சோதனை மேடைமுன் வந்து நிற்கிறார்கள். அக்கா குனிந்து சுழியைப் பார்த்தாலே போதும், ஆனால் பார்ப்பதில்லை. "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்கிறார். ஒருவர், "பாக்காம ஆமான்னு சொல்லிட்டேன்க்கா" என்கிறார். இன்னொருவர் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டுகிறார். முதலாமவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாமவர் கையில் சண்டிராணியின் கயிற்றைக் கொடுக்கிறார்.