வழியனுப்ப முடியாத மதியம்

தவ்பீக் துபாய்க்குத் திரும்பும் நாளில் சுஃபியாவுக்குக் காலை ஷிப்டு விழுந்துவிட்டது. அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் சோலார் மின்நிலையத்தில் அவள் கண்ட்ரோல் ரூம் இன்ஜினியர். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் தவ்பீக்கோடு இருந்ததெல்லாம் அவனுடைய லீவு நாட்கள்தான். "பர்மிஷன் போட்டுட்டு வந்துர்றேன் மச்சான், ஏர்போர்ட்டுக்குச் சேர்ந்தே போவோம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கிளம்பப் பையை எடுத்தபோது, பேனல் மின்சாரத்தை மாற்றி லைனுக்கு அனுப்பும் இன்வெர்ட்டர்கள் திரையில் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. யாரும் தொடவில்லை. இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே பராமரிக்கும் சர்வீஸ் கம்பெனியின் பாஸ்வேர்டைத் திருடி, வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள்.

மேனேஜர் ஆண்டிச்சாமி போனில் பதறினார். "கவர்மெண்டுக்கு இப்பவே சொல்லாதம்மா. கம்பெனி பேரு கெட்டுப்போகும். ஹெட் ஆபீஸ்ல கேட்டுக்கிறேன்."

"அதுக்குள்ள பக்கத்து பிளாண்டுக்கும் போயிரும் சார். அவங்களுக்கும் இதே சர்வீஸ்காரங்கதான்."

போன மாதம்தான் மின்வாரியத்தாரும் தனியார் நிலையத்தாரும் சேர்ந்து, இப்படித் தாக்குதல் வந்தால் என்ன செய்வதென்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் உடனே சொல்வது, காரணத்தைப் பிறகு தேடுவது என்று அன்று பேச்சு. மின்வாரியத்தின் துணைமின்நிலைய இன்ஜினியர் இம்மானுவேலை அவளே அழைத்தாள்.

"நல்லவேளை சொன்னீங்க. வெளி இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிருங்க. மத்த பிளாண்டுகளுக்கு நான் சொல்லிர்றேன். ஓடுற மிச்ச இன்வெர்ட்டரை நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா மெதுவா இறக்கணும். மொத்தமா விழுந்தா ஊருக்கே கரண்ட் போயிரும். சீட்டை விட்டு எந்திரிக்காதீங்கம்மா."

இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேன் பேயாண்டி. "உங்க வீட்டுக்காரர் டாக்சியோட வந்து நிக்கிறாரும்மா. உள்ள விடவா?"

இந்த நேரத்தில் வெளியாள் யாரையும் விடக்கூடாது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "வேணாம்ண்ணே. போகச் சொல்லுங்க, பிளைட்டுக்கு நேரமாயிரும்."

பிளைட் நேரமும் வந்தது; இம்மானுவேல் அடுத்த இன்வெர்ட்டரின் எண்ணைச் சொன்னபோது, தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்து போனது. "திரும்பச் சொல்லுங்க சார்" என்றாள்.

பக்கத்து நிலையங்கள் தப்பின. மதுரையில் ஒரு வீட்டில்கூட மின்விசிறி நிற்கவில்லை. சாயங்காலம் ஆண்டிச்சாமி வந்து, தானே போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரவு துபாயில் இறங்கியதும் தவ்பீக் கூப்பிட்டான்.

"கோவமா மச்சான்?"

"இல்ல புள்ள. கேட்டுல இருந்து உன் ரூம் ஜன்னல் தெரிஞ்சுச்சு. டாக்சிக்காரர் திட்டுற வரைக்கும் அதையே பாத்துட்டு நின்னேன்."

"என் ரூமுக்கு ஜன்னலே கிடையாது மச்சான்."

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள். அடுத்த லீவு எப்போது என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.