சின்ன டிப்பருக்கு ஒரு வண்டி

என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தபோது என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரு தடவை பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த மாதமே தாலி கட்டிவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு சாண் நீள டிப்பருக்கு ஒரு பொம்மை டிராக்டர் வாங்குவதற்குள் என்னை முக்கூடலுக்கும் திருநெல்வேலிக்குமாக அலைக்கழித்து விட்டார். இது சின்னது, அது உயரம், இதற்கு டயர் சரியில்லை, அதற்குக் கொக்கி சரியில்லை. எத்தனையோ நாள் எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். காரணம் இருந்தது.

அவர் பெயர் வன்னியராஜ். முக்கூடல் சுற்று வட்டாரத்தில் செங்கல் சூளை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சொந்தமாக ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு டிப்பர். செங்கல், எரு, வாழைத்தார் எது கூப்பிட்டாலும் போவார். டிராக்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே குலசாமி சாஸ்தா படத்தை ஒட்டியிருந்தார். அதனால் செருப்போடு வண்டியில் ஏற மாட்டார். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றித் தரையில் ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம். எங்கள் பையன் இசக்கிமுருகன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். லீவுக்கு வந்திருந்தவன் அப்பாவுக்கு ஒத்தாசையாகச் சூளைக்குப் போனான். டிப்பரைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். அதை வண்டியில் மாட்ட வேண்டும் என்றால் ஒரு ஆள் நடுவில் நிற்க வேண்டும். டிராக்டர் பைய பின்னால் வரும். நிற்கிற ஆள் டிப்பரின் முன்னால் நீளும் இரும்பைத் தூக்கிக் கொக்கிக்கு நேராகப் பிடித்து, துளையில் இரும்புப் பின்னைப் போடுவான். அவன் நின்றான். இவர் பின்னால் வந்தார். வெறுங்கால் முழுக்கச் சூளைச் சேறு. கிளட்ச்சில் வைத்திருந்த கால் வழுக்கிவிட்டது. வண்டி ஒரே தாவலாகப் பின்னால் தாவியது.

அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது. விபத்து என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். வண்டியையும் டிப்பரையும் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்கு நான் போகவில்லை. தன் படத்துக்கு மரியாதை செய்தவன் காலை வழுக்கவிட்ட சாமியிடம் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது?

நான் அழுதேன். ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். ரோட்டில் அவன் வயசுப் பையன் எவனாவது பைக்கில் போனால் அப்போதும் அழுதேன். இவர் அழவில்லை. கொள்ளி வைத்தார், மொட்டை போட்டார், காரியம் முடிந்து வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு பையன் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. வீட்டில் யாராவது "இசக்கி" என்று ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டு பேர் பெற்ற பிள்ளைக்கு நான் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தனிமை என்று பட்டால்தான் தெரியும்.

மெயின் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நேசையா அண்ணாச்சி இவருக்குப் பழைய கூட்டாளி. சும்மா வந்து பட்டறையில் உட்காரும் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போய் உட்கார்ந்தவர், ஒரு நாள் கழிவுத் தகட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்திருக்கிறார். மறுநாளும் வெட்டியிருக்கிறார். ஆடி மாதம் வாக்கில் பார்த்தால் எங்கள் டிப்பர் ஒரு சாண் அளவில் மேசை மேல் நிற்கிறது. ஒரு அடிக்கு முக்கால் இஞ்சு என்று கணக்கு வைத்துக்கொண்டாராம். பின்கதவு, கதவின் கொண்டி, வலது பக்கத் தகட்டில் இருந்த நெளிசல் வரைக்கும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி ஊசிக்குழாயை அடியில் வைத்து, அமுக்கினால் தொட்டி தூக்கிக்கொள்ளும்படி செய்திருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் தலையைத் தூக்காமல், "இதுக்கு ஒரு வண்டி வேணும்" என்றார்.

அந்தப் பத்து மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். வண்டி வரட்டும், டிப்பரை மாட்டட்டும், மாட்டுகிற அன்றைக்கு இந்த மனுஷன் பிள்ளை பேரைச் சொல்லிவிடுவார் என்று மனசில் பட்டது. ஏன் பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெற்றவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் களக்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகள் நித்யாவிடம் சொன்னேன். அவள் போனிலேயே பார்த்து ஆர்டர் போட்டாள். வந்த பெட்டியின் அளவைப் பார்த்து என்ன மிஷின் வாங்கியிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிரித்தால், கட்டைவிரல் அளவில் ஒரு டிராக்டர். அவர் அதை டிப்பருக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். கன்றுக்குட்டியைப் பார வண்டியில் பூட்டின மாதிரி இருந்தது. பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

பிறகு அவரே ஒரு ஈர்க்குச்சியை டிப்பரின் மூக்கு உயரத்துக்கு ஒடித்து என் கையில் கொடுத்தார். கொக்கி இந்த உயரத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் உயர்ந்தாலும் டிப்பர் மல்லாக்கப் பார்க்கும், தாழ்ந்தால் மூக்கைத் தரையில் குத்தும் என்றார். அந்த ஈர்க்கை முந்தானையில் முடிந்துகொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பொம்மைக்குப் பின்னால் ஈர்க்கை நிறுத்தி அளந்து பார்க்கிற பொம்பளையை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள். ஒரு கடைக்காரப் பையன் சிரித்தான். அவனை நான் கேட்ட கேள்வியில் அன்றைக்கு முழுக்க அவன் சிரித்திருக்க மாட்டான். கடைசியில் உயரம் சரியாக ஒன்று அமைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தால் விளக்கு மினுங்கி இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிறது, நிறுத்தவும் வழியில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பாட்டு முடியும்வரை அதைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

நேசையா அண்ணாச்சிதான் மேலப்பாளையத்தில் ஜுபைதா பீவி கடையைச் சொன்னார். அந்தம்மா மகன் துபாயில் இருக்கிறானாம், இரும்பில் செய்த நல்ல சாமான்கள் அனுப்புவானாம். இந்தத் தடவை நீங்களே வாங்க என்று இவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டிப்பரை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஜுபைதா பீவி டிப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாஷா அல்லாஹ், இதை மனுஷன் கையால் செய்ததா என்று கேட்டார். உள்ளே போய் ஒரு பச்சை டிராக்டர் எடுத்து வந்தார். அளவு அச்சாகப் பொருந்தியது. ஈர்க்கும் சரியாக நின்றது. கண்ணாடிக் கூண்டு வைத்த வெளிநாட்டு வண்டி, கதவெல்லாம் திறக்கிறது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

இவர் குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். "வேண்டாம்" என்றார்.

ஏன் என்று அந்தம்மா கேட்டதற்கு, "இதுல உக்காந்து திரும்பிப் பாத்தா, கூண்டு மறைச்சிரும், பின்னால நிக்கிற ஆளு தெரியாது" என்று சொன்னார்.

"பொம்மைதான அண்ணாச்சி, அங்கன யாரு நிக்கப் போறா?" என்றார் ஜுபைதா பீவி.

அந்தம்மா மேல் தப்பில்லை, பாவம், தெரியாமல் கேட்டது. இவர் துண்டை உதறி டிப்பரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் அந்தம்மாவைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாடிப்படி ஏறி வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு டிராக்டர் இருந்தது. விற்பனைக்கு உள்ளதல்ல, வீட்டு ஷோகேஸில் மகன் அழகுக்காக வாங்கி வைத்தது. கூண்டு கிடையாது. திறந்த வண்டி. இரும்பு சீட்டு, ரெண்டு பக்கமும் மட்கார்டு. எங்கள் வண்டி மாதிரியே பழைய ரகம்.

இவர் அதை மேசைக் கண்ணாடி மேல் வைத்தார். தலையைச் சாய்த்து, கன்னம் கண்ணாடியில் படும்படி வைத்து, அந்தச் சின்ன சீட்டின் உயரத்திலிருந்து பின்பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள்.

"தெரியுது" என்றார். "இது போதும்."

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் ஜுபைதா பீவி.

வீட்டுக்கு வந்ததும் பையன் போட்டோவுக்குக் கீழே இருக்கிற பலகையைத் துடைத்து, டிராக்டரை முன்னாலும் டிப்பரைப் பின்னாலுமாக வைத்தார். மாட்டவில்லை. பின்னைக்கூட ஆணியைத் தேய்த்துச் செய்து வைத்திருந்தார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "பொறவு" என்றார். மறுநாள் கேட்டாலும் அதே பொறவுதான். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேடிக் கொடுத்தும் இந்த மனுஷன் கடைசிப் படியில் நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன்.

ஐப்பசி திரும்ப வந்தது. வருஷ திதிக்கு நித்யா பிள்ளைகளோடு வரவேண்டும் என்பதால் வீடெல்லாம் ஒட்டடை அடித்துத் துடைத்தேன். பலகையைத் துடைக்கப் போனபோது இரண்டும் அப்படியே பிரிந்து நின்றன. பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அவருக்குத் தைரியம் வரவில்லை என்றால் நாமே மாட்டிவிடுவோம், மாட்டினதைப் பார்த்தாலாவது இவர் வாய் திறக்கட்டும் என்று டிராக்டரைப் பின்னால் தள்ளினேன். கொக்கி நேராக வந்தது. பின்னைப் போட்டேன். டக்கென்று அழகாக இறங்கியது.

பட்டறையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. வேகமாக வந்து பலகைக்கு முன்னால் மண்டியிட்டுப் பின்னை உருவினார். அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"மாட்டத்தான வாங்குனோம்? வாங்கிட்டு இப்படிப் பிரிச்சே வச்சிருந்தா என்ன அர்த்தம்?" என்று நானும் கத்திவிட்டேன்.

அவர் டிராக்டரை ஒரு விரலால் முன்னால் தள்ளினார். பைய, ரொம்பப் பைய. இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டதும் நிறுத்தினார். அடிக்கு முக்கால் இஞ்சுக் கணக்கில் ஒரு ஆள் நிற்க அவ்வளவு போதும்.

"நடுவுல இசக்கி நிக்கான்லா" என்றார்.

ஒரு வருஷமாக நான் கேட்க ஏங்கிய பெயர். இப்படிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்த இரண்டு விரல் இடத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மனுஷன் இன்னும் சூளையிலேயே இருக்கிறார், இன்னும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒருத்தி வீட்டில் இருந்து அழுதிருக்கிறேன், இவர் காலை எடுக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார்.

"அப்போ எஞ்சின நிறுத்திட்டுக் கீழ எறங்குங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பொம்மை வண்டியில் சாவி கிடையாது. ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், எங்கள் வண்டியில் சாவி இருந்த இடத்தில் விரலை வைத்து ஒரு திருப்புத் திருப்பினார்.

"நிறுத்திட்டேன்ட்டி" என்றார். விரலை எடுத்துவிட்டு, "எறங்கிட்டேன்" என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.