பால் பூத்துக்கு வந்த ஓடிபி

பார்லர்க்காரி வெளிநாட்டில் காப்பி குடித்தால், கோப்பையின் அடி தெரிவதற்குள் நம் தெருவுக்குத் தெரிந்துவிடும். அவள் வாயைத் துடைக்கும்போது இங்கே பால் பூத் வரிசையில் அந்தக் காப்பிக்கு விலை சொல்லி, வியந்து, "அந்தக் காசுக்கு ஒரு வாரத்துப் பால் வாங்கலாம்" என்று தீர்ப்பும் சொல்லி முடித்திருப்பார்கள்.

ஒற்றன் எவனும் இல்லை. அவளே தன் கையால் செய்துகொண்ட ஏற்பாடு.

பதினெட்டு வருஷமாகத் தெருமுனையில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள், மணப்பெண் அலங்காரத்தில் மேல்படிப்பு என்று இரண்டு மாதம் கடல் தாண்டிக் கிளம்பினாள். அதற்கு முன் அவள் போன அதிகபட்ச தூரம் மாமியார் வீடு. அதனால் பத்துப் பேரிடம் யோசனை கேட்டாள். கேட்டது யாரிடம்? முகத்தில் களிம்பு பூசி, வாயைத் திறக்கக் கூடாது என்று நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம். அவர்கள் பல்லிடுக்கில் சொன்னதில் ஒன்று: "இங்கத்த சிம்மக் கொண்டு போகாத. ஒரு ஹலோவுக்கு ஆயிரம் ரூபா பிடுங்கிடுவான்."

சரி, பேசுவதற்கு அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று பேங்க் கணக்கோடு சேர்ந்த சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டாள். யாரிடம் கொடுப்பது? வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்த செல்போன் கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே அவருடைய அக்காவிடம், அதாவது நம் பால் பூத்தக்காவிடம், கொடுத்துவிட்டுப் போனாள். பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனைக்குப் பூத்தும் இருந்தது, வரிசையில் கேட்க ஆளும் இருந்தது.

கிளம்பும் நாளில் அவள் பெட்டியைப் பார்த்தவர்கள் கரண்டு சாமான் கடை இடம் மாறுகிறது என்றே நினைத்தார்கள். சார்ஜர்கள், முடி உலர்த்துகிற மெஷின், நீட்டு வயர் போட்ட பிளக் போர்டு, கூடவே பவர் பேங்க். அந்தப் பவர் பேங்கை சரக்கில் போடும் பெட்டிக்கு அடியில் சேலைக்குள் சுற்றி வைத்திருந்ததால், விமான நிலையத்தில் மைக்கில் கூப்பிட்டு, பாவாடை முதற்கொண்டு வெளியே எடுக்க வைத்தார்கள். மிச்சமெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்து என்ன? தங்கும் அறைச் சுவரில் இருந்த ஓட்டைகள் சப்பை, இவள் பிளக்கின் கால்கள் உருண்டை. செருப்புக்காகக் காலை வெட்ட முடியுமா? முனைக்கடைக்கு ஓடிப் பிளக்கை மாட்டுகிற அடாப்டர் ஒன்று வாங்கி, கார்டைக் காட்டி, அறைக்குத் திரும்புவதற்குள் போன் அடித்தது.

"ஏம்மா, எழுநூத்திச் சொச்சம் போயிருக்கே, என்ன வாங்கின?"

"பிளக்குக்கு மாட்டற மூக்கு அண்ணி. இங்க ஓட்டை வேற மாதிரி இருக்கு."

"மூக்கு எழுநூறு ரூபாயா? அதுக்கு நல்லதா ஒரு மூக்குத்தியே வாங்கிருக்கலாமேடி!"

அன்று ஆரம்பித்தது. கார்டு தொட்டால் போதும், பூத்தக்கா கழுத்தில் சுருக்குப் பையில் தொங்கும் பட்டன் போன் கிணுகிணுக்கும். அக்கா ஒரு கையால் பால் பாக்கெட்டை நீட்டி, மறு கையால் போனைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வீட்டுக்காரருக்கு மனைவியின் செய்தி தினமும் அரை லிட்டரோடு சேர்ந்து கிடைத்தது. "குடை வாங்கினியாமே, வீட்ல மூணு குடை கிடக்கே" என்று அவர் இங்கிருந்து செய்தி அனுப்புவார். அந்த மூன்று குடையும் வீட்டில் கிடந்தன, இவள் மழையில் கிடந்தாள் என்பது அவருக்கு உறைக்காது.

ரொக்கமாக எடுத்துச் செலவழித்தால் எதற்கு என்று தெரியாதல்லவா? புத்திசாலித்தனமாக யோசித்து மெஷினில் பணம் எடுத்தாள். மெஷின் தன் கூலியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதையும் எழுதி அனுப்பிவிட்டது. "பணம் எடுக்கப் பணம் குடுத்தியா?" என்று பூத்தக்கா கேட்ட கேள்வியில் பின்னால் நின்ற கணக்கு வாத்தியார் சிரித்த சிரிப்பு இவள் காதுவரை வந்தது.

இவளோடு அறையில் தங்கியிருந்தவள் நகத்துக்கு வேலைப்பாடு செய்கிற பெண், இவளில் பாதி வயசு. எல்லாம் கேட்டுவிட்டுக் கட்டிலில் உருண்டாள். "அக்கா, அந்த சிம்மை இங்கயே கொண்டு வந்திருந்தா, வர்ற மெசேஜுக்குக் காசே கிடையாதே!"

"களிம்புக்காரிங்க பேச்சைக் கேட்டேன் பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள் பார்லர்க்காரி. அப்புறம் கொஞ்ச நாள் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தாள்.

படிப்பு முடிகிற வாரம், இடைவேளையில் நகப்பெண் போனை நீட்டினாள். விடியற்காலையில் ராட்சச பலூனில் கூடை கட்டி ஆட்களை மேலே கொண்டுபோகிறார்களாம். நாளைய கூடையில் இன்னும் ஒரே ஓர் இடம்தான். "நான் ஏற்கெனவே போட்டாச்சு. வாங்கக்கா!"

விலை நம் காசுக்கு இருபத்திரண்டாயிரம். பார்லர்க்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து, விலையை இன்னொரு தரம் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் உண்டு: கடைக்கு, படிப்புக்கு, வீட்டுக்கு, யார் கல்யாணத்துக்கோ. இதற்கு மட்டும் ஒரு பதிலும் இல்லை. இல்லாததாலேயே ஆசை கிறுகிறுவென்று தலைக்கேறியது. போகலாமா என்று யாரையும் கேட்கப்போவதில்லை, போகிறேன் என்று முடிவுகட்டிக் கார்டு எண்ணைத் தட்டினாள்.

திரை ஓடிபி கேட்டது. ஓடிபி போனதோ பால் பூத்துக்கு. இங்கே அது காலைக் கூட்டம் நெரிகிற நேரம்.

"அண்ணி, அவசரம்! அந்த போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

"எதுக்கு?"

"சொல்றேன், மொதல்ல படிங்க."

"எதுக்குன்னு சொல்லு, படிக்கிறேன். ரெண்டு நீலப் பாக்கெட்டா வாத்தியாரே? இந்தாங்க. ம், சொல்லு."

"மெஷின் வாங்கறேன் அண்ணி. முடி சுருட்டற மெஷின்."

"இருக்கற முடியை நேராக்கத்தானே எல்லாரும் உன்கிட்ட வர்றாங்க? இரு பாக்கறேன். நம்பர் எதுவும் வரலையே. என்னமோ பெட்டி நெறஞ்சிடுச்சுன்னு காட்டுது."

திரையில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. நகப்பெண் நகத்தைக் கடித்தாள்; அவள் தொழிலில் அது பெருங்குற்றம்.

"பழைய மெசேஜ் எதையாவது அழிங்க அண்ணி, அப்பதான் புதுசு வரும்."

அந்தப் பக்கம் பட்டன் தட்டுகிற சத்தம். பிறகு பூத்தக்காவின் குரல் இறங்கி வந்தது. "எதை அழிக்கறது? இது நீ மொத மொத குடிச்ச காப்பி, வேணாம். குடை... பாவம், மழையில நின்னிருப்ப. இது நீ படகுல ஏறின டிக்கெட். இதை அழிக்க மாட்டேன்பா."

"எல்லாத்தையுமா வெச்சிருக்கீங்க?"

"மத்தியானத்துல பூத்துக்கு ஆள் வராதுல்ல. எடுத்து வெச்சுப் படிப்பேன். இன்னிக்கு இங்க போயிருக்கா, இதுல ஏறிருக்கான்னு."

பார்லர்க்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேவு பார்க்கிறாள் என்று இத்தனை நாள் திட்டியிருக்கிறாளே! மகராசி கூடவே ஊர் சுற்றியிருக்கிறாள், டிக்கெட் இல்லாமல்.

"அண்ணி, கடன் வேணுமான்னு கேட்டு வர்ற மெசேஜ் இருக்குமே, அதை அழிங்க."

"அட, அது ஒரு மூட்டை இருக்கே! இந்தா, தொலைஞ்சுது சனியன். ஆ, வந்துடுச்சு! இருபத்திரெண்டாயிரம்... ப... லூ... பலூனா? ஏன்டி, இருபத்திரெண்டாயிரத்துக்கு எத்தனை பலூன்டி! ஊர் பூரா தோரணம் கட்டப் போறியா?"

பூத் வாசலில் சிரிப்பு வெடித்தது. இஸ்திரிக்காரர் "எனக்கொரு செவப்பு" என்று துண்டு போட்டார்.

பார்லர்க்காரி பொய் சொல்லிச் சலித்துவிட்டாள். "ஒரே பலூன்தான் அண்ணி. பெருசு. ஆள் ஏறிப் போறது. நான் போகப் போறேன்."

இங்கே ஒரு சத்தம் கேட்டது. பூத்தக்கா ஷட்டரை இழுத்து மூடிய சத்தம். காலை வியாபாரத்தில் அந்த ஷட்டர் இறங்கி நம் தெரு பார்த்ததில்லை. வெளியே நின்றவர்கள் ஷட்டரில் காதை வைத்தார்கள். (யார் யார் என்று பெயர் வேண்டாம், எல்லோரும்தான்.)

"ஏறிப் போயி?"

"மேல போகும். அப்புறம் இறங்கிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என்ன பிரயோஜனம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஆசையா இருக்கு."

"விழுந்துட்டா?"

"இன்ஷூரன்ஸ் பணம் உங்க தம்பிக்கு வரும்."

"அவன் அதையும் தொலைச்சிடுவான். அவன்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"கேக்காத. டீசல் கணக்கு பேசுவான். நம்பரைப் போட்டுக்கோ." ஒவ்வொன்றாக, ஏலம் விடுகிற மாதிரி நிறுத்தி வாசித்தாள். கடைசி எண்ணைத் தட்டியதும் திரையில் பச்சை டிக் விழ, வகுப்பறை என்றும் பாராமல் இருவரும் கூவினார்கள். மாதிரிக்கு உட்கார்ந்திருந்த மணப்பெண் பயந்து ஒரு கண் மையை ஈஷிக்கொண்டாள்.

இங்கே ஷட்டர் ஏறியது. "என்ன விஷயம்?" என்று கழுத்தை நீட்டியவர்களிடம் பூத்தக்கா, "பால் வேணுமா, பலூன் வேணுமா? பால் வேணுங்கறவங்க மட்டும் நில்லுங்க" என்றாள். தம்பி வந்தபோது அரை லிட்டர் கொடுத்தாள், செய்தி கொடுக்கவில்லை. அவர் பையைத் தலைகீழாக உதறிப் பார்க்காத குறை.

மறுநாள் விடியலில் போன்களை வேனிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஏணி வைத்துக் கூடைக்குள் ஏறியவள் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் அடுப்பு ஒன்று குபீரென்று சீறியது. தரை நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் வேன் தீப்பெட்டியாகியிருந்தது. கூரைகள், ரோடு, ஒரு நாய், அந்த நாய்க்குத் தன்னைவிட நீளமான நிழல். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மேகத்தின் ஓரம் கையில் ஈரமாகப் பட்டபோது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பலூன்காரர் திரும்பி, வாந்தி வருகிறதா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டி மேலும் சிரித்தாள். நகப்பெண் கண்ணை இறுக மூடி, "முடிஞ்சிடுச்சா, முடிஞ்சிடுச்சா" என்று இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாவம், அவளுடைய இருபத்திரண்டாயிரம் இருட்டிலேயே போயிற்று.

கூடை ஒரு வயலில் இடித்து, குதித்து, பக்கவாட்டில் சாய்ந்து, எல்லோரையும் மூட்டைபோல் ஒருவர் மேல் ஒருவராகக் கொட்டியது. எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு போனைத் திரும்ப வாங்கியவள், அங்கேயே மேசை போட்டு விற்ற புகைப்படத்தைப் பார்த்தாள். கூடையில் தொங்கும் தானும், திறந்த தன் வாயும். விலை கேட்கவில்லை. கார்டை எடுத்து மெஷினில் தொட்டாள்.

பில் வெளியே வருவதற்குள் போன் அடித்தது. இங்கே அப்போது பால் வண்டி வந்து கிரேட் இறக்குகிற நேரம்.

"இறங்கிட்டியா!" என்று அலறினாள் பூத்தக்கா. "பாலை எண்ணாம அந்த போனையே பாத்துட்டு நிக்கிறேன்டி. கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கற. இப்பதான் கிணுங்குச்சு. செலவு பண்ணிருக்கான்னா உசுரோட இருக்கான்னு அர்த்தம்னு மூச்சு வந்துது."

"இருக்கேன் அண்ணி. போட்டோ வாங்கினேன். ரெண்டாயிரம்."

"ஒண்ணுதானா? எனக்கு?"

பார்லர்க்காரி மேசைப் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினாள்.

"மறுபடியும் தொடறேன் அண்ணி, சத்தம் வருதான்னு பாருங்க."

"தொடு, தொடு," என்றாள் பூத்தக்கா. "இரு, வண்டிக்காரனும் கேக்கட்டும். சத்தத்தை ஏத்தி வெக்கிறேன்."