சுருளில் வைத்த ஈயம்

குளியலறைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே வாளி உருண்டது. தோசையைத் திருப்பப் போன ஆரோக்கிய அனிதா கையில் கரண்டியோடு ஓடினாள்.

நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. அவள் கணவன் அமலன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். ஒரு கை வயிற்றில். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

"அனி... உள்ள யாரோ புடிச்சிப் பிழியற மாதிரி இருக்குது..."

ஒரு மாதமாக இதே பாடுதான். மஞ்சக்குப்பத்தில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் கேஸ் என்றார். இன்னொருவர் அல்சராக இருக்கும் என்று ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்தார். ஆறு கிலோ இளைத்ததுதான் மிச்சம். அமலன் மருந்து கம்பெனியில் ரெப். கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாக பைக்கில் அலைகிறவன். அலைச்சல்தான் காரணம் என்று அவனே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தான்.

கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியபோது, முதுகுக்குப் பின்னால் இருந்த கையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது. விரல் நீளத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு சாதனம். அப்போதுதான் அனிதாவுக்கு உறைத்தது, குளியலறை முழுக்க மாம்பழ வாசனை.

"இன்னா இது?"

"பென் டிரைவ்."

"பாத்ரூம்ல பென் டிரைவை வெச்சிக்கினு இன்னா பண்ணுன? குளிப்பாட்டுனியா?"

அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை. மின் சிகரெட். போன வருஷம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் இவன். அவன் அம்மா அந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனாள். பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார்.

"வாக்கை நான் மீறல அனி. சிகரெட்டைத் தொடமாட்டேன்னுதான் சொன்னன். இது சிகரெட் இல்ல. நெருப்பு கெடையாது, புகை கெடையாது. வெறும் ஆவி."

"ஆண்டவர்கிட்டயே பாயிண்ட் புடிக்கிறியா நீ? ஒரு வருஷமா பக்கத்துல படுத்துக்கினு என்னை ஏமாத்தியிருக்கியே!"

அவன் வலியில் பல்லைக் கடித்தான். உதடு விலகியது. கத்திக்கொண்டிருந்த அனிதா சட்டென்று நிறுத்தினாள்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக்கறுப்பாக, பேனாவால் இழுத்ததுபோல ஒரு கோடு.

அந்தக் கோடு எதன் அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். புதுப்பாளையத்தில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கேனில் கொண்டுவரும் போர் தண்ணீரில் ஈயம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. உடம்பில் ஈயம் ஏறினால் என்ன ஆகும் என்று பயிற்சியில் காட்டிய படத்தில் இதே கோடுதான் இருந்தது.

அவனை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அந்தச் சாதனத்தோடு நேராக வேலைக்குப் போனாள். அதற்குள் மிச்சமிருந்த திரவத்தை உறிஞ்சி எடுத்து, அமிலத்தில் காய்ச்சி, கருவியில் கொடுத்தாள். கருவியின் உச்ச அளவையும் தாண்டிப் போனது ஈயம். நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடியும் கொடுத்தாள். அப்போதும் ஜாஸ்திதான்.

மேலதிகாரி தில்லைநாதன் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"எந்த ஊரு போர் தண்ணிம்மா இது? எந்த பேக்டரி பக்கத்துல?"

"போர் தண்ணி இல்ல சார். எங்க வீட்டுக்காரர் வாயில போறது."

சாதனத்தை அவரே பிரித்தார். உள்ளே திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள். அதன் ஒரு முனையில் மிளகு அளவுக்குப் பளபளவென்று ஓர் உருண்டை. இடுக்கியால் சுரண்டிப் பார்த்தார்.

"இது சால்டரிங் ஈயம்மா. செல்போன் போர்டுக்கு வெக்கிறது. நிக்கலும் குரோமியமும் அந்தக் கம்பியிலேர்ந்தே வரும். அதுவே கெடுதல். சூடாகுற கம்பியில போயி ஈயத்தையும் வெச்சிருக்கானே, எந்த மடையன் வேலை இது?"

மூன்றாம் நாள் ரத்த ரிப்போர்ட் வந்தது. சந்தேகமே இல்லை. பெண் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனிதாவைத் தனியாக அழைத்தார்.

"பொழைச்சிக்குவாரு. ஆனா நீங்க சொன்ன அந்தச் சுருளை ரிப்பேர் பண்ணவன் ஒருத்தருக்கு மட்டுமா பண்ணியிருப்பான்? மத்தவங்க இந்நேரம் கேஸ் மாத்திரை முழுங்கிக்கினு இருப்பாங்க. யாருன்னு கண்டுபுடிச்சி உடனே நிறுத்தச் சொல்லணும்."

அனிதா கட்டிலருகே வந்தாள்.

"அந்தச் சுருளுல ஈயத்தை யாரு பத்தவெச்சான்?"

அமலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சிதம்பரத்துல, மேல வீதிகிட்ட. அருள்முருகன்னு செல்போன் சர்வீஸ்காரன். விட்டுடு அனி. பாவம், புள்ளகுட்டிக்காரன். அங்கெல்லாம் போவாத."

"பாவமா? உன்னைக் கொல்லப் பாத்தவனுக்குப் பாவம் பாக்குறியா?"

அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது, எதுவும் கண்ணில் படவில்லை. அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். பி.முட்லூர் வருவதற்குள் அவனை நாலு தடவை அறைந்து முடித்திருந்தாள்.

ஆறடி அகலக் கடை. அருள்முருகன் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் கவரில் இருந்த சுருளைக் கண்ணாடி மேஜைமேல் போட்டாள்.

"இது உங்க கை வேலைதானே?"

எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்தது.

"நம்ம வேலைதான் மேடம். எப்படி உருண்டு நிக்குது பாருங்க! ஏன், திரும்பவும் புட்டுக்கிச்சா?"

"புட்டுக்கிச்சா? இதை உறிஞ்சின ஆளு ஆஸ்பத்திரியில கெடக்குறாருய்யா! வெச்சிருக்கறது ஈயம். தெரியுமா உனக்கு?"

"ஈயம் வெக்காம எப்படி மேடம் ஒட்டும்? கவர்மெண்டு தடை பண்ண ஐட்டம். ஸ்பேர் கெடைக்காது. கம்பி விட்டுப்போனா ஒரு சொட்டு வெச்சிக் குடுப்பேன். சார்ஜருக்கும் இதான், ஹெட்போனுக்கும் இதான்."

"ஹெட்போனை எவனாவது வாயில வெச்சி உறிஞ்சுறானா?"

அவள் சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஆள் வெளியே வந்து பார்த்தார். அருள்முருகன் கையிலிருந்த சுருளை மேஜைமேல் வைத்தான்.

"எத்தனை பேருக்கு இப்படி வெச்ச?"

"நாப்பது... அம்பது இருக்கும். சத்தியமா மேடம், விஷம்னு தெரியாது எனக்கு."

"அத்தனை பேரு போன் நம்பரும் எனக்கு வேணும். இப்பவே. ஒவ்வொருத்தரா நானே பேசுறேன்."

"நம்பர் இல்ல மேடம்."

"பொய்!" மேஜையில் ஓங்கி அறைந்தாள். கண்ணாடி அதிர்ந்தது. "ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு போன்லயும் பேரும் நம்பரும் எழுதி ஒட்டி வெச்சிருக்க. இதுக்கு மட்டும் இல்லையா? யாரைக் காப்பாத்தப் பாக்குற நீ? இந்தா பாரு, ரத்த ரிப்போர்ட். ஒரு மனுஷன் ரத்தத்துல எவ்வளவு ஈயம்னு படிச்சிப் பாரு!"

அவன் காகிதத்தை வாங்கினான். எண்களைப் பார்க்கவில்லை. மேலே இருந்த பெயரிலேயே அவன் கண் நின்றுவிட்டது.

"இவரு... உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர். இப்ப சொல்லு. மீதிப் பேரெல்லாம் யாரு?"

அருள்முருகன் சால்டரிங் இரும்பின் சுவிட்சை அணைத்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"கஸ்டமரை நான் கண்ணால பாத்ததே இல்ல மேடம். பத்து பத்தா கொண்டாந்து குடுக்கறதும் அமலன் சார்தான், வாங்கிக்கினு போயி விக்கறதும் அவருதான்."