லுக்குட்டிலிருந்து வந்த தாய்மாமன்

திலகா கதவைத் திறக்கவில்லை. ஏஞ்சலா மறுபடி தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்தான் கேட்டது.

ஏஞ்சலா சிரம்பான் நகரின் தெமியாங் பகுதியில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்பவள். ஞாயிறு பூசை முடிந்ததும் பெடாஸ் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்துவிடுவாள். படிக்கிற பிள்ளைக்கு வசதியுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, பள்ளிச் செலவை அவரை ஏற்க வைப்பது அவள் செய்யும் தொண்டு. திலகாவின் மகள் நவீனாவுக்கு அப்துல் மஜீத் கிடைத்திருந்தார். லுக்குட் ஊரில் உணவகம் நடத்துபவர். நாளை அவளுக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்று தொடங்குகிறது. தாய் சம்மதித்தால் நவீனா பள்ளி வேனில் ஏறுவாள். இல்லையென்றால் தாயோடு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போவாள்.

மஜீத் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்.

ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது.

"போயிருங்க மிஸ். எம்பிள்ளைய யாருக்கும் தர மாட்டேன்."

"உங்க பிள்ளைய யாரு கேட்டாங்கக்கா?"

"நீங்கதானே போன வாரம் சொன்னீங்க, ஒருத்தர் தத்து எடுக்கப் போறாருன்னு? இவருதானா அது? மூஞ்சிய பாத்தா நல்லவராத்தான் தெரியுது. அதுக்காகப் பெத்த பிள்ளைய தூக்கிக் குடுத்துருவாங்களா?"

மஜீத் பதறிப்போனார். "யம்மா, எனக்கே ஆறு பிள்ளைங்க இருக்குலா! இன்னொன்ன எங்க படுக்க வைக்கிறது?"

லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சிரித்தன. ஏஞ்சலா சிரிக்கவில்லை. தப்பு அவளுடையது. இப்படி உதவி பெறும் பிள்ளையை மலாயில் 'அனாக் அங்காட்' என்பார்கள். அதை அப்படியே தமிழில் தத்து என்று சொல்லி வைத்தாள். ஒரு வாரமாகத் திலகா கண்மூடியிருக்க மாட்டாள்.

"தப்பா சொல்லிட்டேன்கா. அவரு படிப்புக்கு மட்டும்தான்…"

"சும்மா யாரு குடுப்பா? எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. இவ பெரிய மனுஷியானப்ப மாமன் சீருன்னு ஒரு தட்டு வரல. நானே வாங்கி நானே வச்சேன். அப்ப வராதவங்க இப்ப எதுக்கு?"

ஏஞ்சலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான்கா வந்திருக்காரு. தத்து இல்ல, தாய்மாமன். சீர் கொண்டு வருவாரு. பிள்ளைய கொண்டு போக மாட்டாரு."

திலகா மஜீத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமன்னா வெறுங்கையோடவா வருவாரு?"

மஜீத் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார். தலைக்கவசத்தை மாட்டினார். மோட்டார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது.

"ஆளு ஓடிட்டாருலா," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்.

ஓடவில்லை. பெடாஸ் கடைத்தெருவிலிருந்து சீருடையும் கறுப்புக் காலணியும் வாங்கிக்கொண்டு திரும்பினார். பரிகாசம் செய்த செல்லமே வீட்டுக்குள் ஓடித் தட்டுகளை எடுத்து வந்தாள்.

"ரெண்டு தட்டாண்ணே? சீர் ஒத்தப்படையில வரணும்!"

மஜீத் யோசித்தார். கடையில் கணக்கு எழுதும் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து உருவி மூன்றாவது தட்டில் வைத்தார்.

ஒரு தட்டை அவரும், மற்ற இரண்டை ஏஞ்சலாவும் செல்லமும் ஏந்தி நடந்தார்கள். யாரோ குலவையிட்டார்கள். அடுத்த வீடு வாங்கிக்கொண்டது. லயத்தின் கடைசி வீடு வரை குலவை போனது.

கதவு அகலத் திறந்தது. திலகா சேலை மாற்றியிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றாள்.

மறுநாள் காலை ஏஞ்சலா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வேன் வந்தது. நவீனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"வேன் காசு யாரு கட்டறது?" ஓட்டுநர் கேட்டார்.

திலகா லயத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அவ மாமன் கட்டுவாரு. நீ வண்டிய எடு!"